ஒன்றேகால் ஏக்கர், இரண்டு லட்சம் ஷில்லிங்: பைக்கா, மாடா, அவகாடோவா, தேயிலையா?

கென்யாவில் தீகா நகரில் எங்கள் கிட்டங்கியில் ஆறு வருடம் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் சென்ற ஜூலையில் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார். ஊர் முராங்கா மாவட்டத்தில் கிகுமோ பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் மலைச்சரிவு. மேலே போகப்போகத் தேயிலை, கீழே இறங்க இறங்க அவகாடோ. குடும்பத்துக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலம். கையில் சேமிப்பும் சாக்கோவில் (நம் ஊர்க் கூட்டுறவுச் சிக்கன சங்கம் மாதிரி) கிடைக்கும் கடனும் சேர்த்து 2,20,000 ஷில்லிங். ஒரு கென்ய ஷில்லிங் ஏறக்குறைய 70 பைசா. “ம்ஸே, பைக் வாங்கட்டுமா, மாடு வாங்கட்டுமா?” என்று கேட்டார். ம்ஸே என்றால் பெரியவர். இங்கே வயதில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இதே கேள்வியோடு நைரோபியிலும் மொம்பாசாவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலரும் என்னிடம் பேசியிருக்கிறார்கள். வீட்டில் பத்து வருடம் சமைத்தவர், வண்டி ஓட்டியவர், காவலுக்கு இருந்தவர் ஊர் திரும்பும்போது ஒரு தொகை கொடுத்து நிலையான பிழைப்புக்கு வழி செய்ய நினைக்கிறவர்கள். “மாடு வாங்கிக் கொடுத்தோம், எட்டு மாதத்தில் விற்றுவிட்டார்கள், ஏன்?” என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வது மத்திய கென்யாவின் மேட்டு நிலத்துக்கான கணக்கு. விக்டோரியா ஏரிப் பக்கத்துக்கோ துர்கானாவின் வறண்ட நிலத்துக்கோ இது பொருந்தாது.

## எதை வைத்து எடை போடுவது

வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது காசு எந்த மாதம் வருகிறது என்பது. கென்யாவில் பள்ளிகள் ஜனவரியில் திறக்கின்றன. கிறிஸ்துமஸ் செலவு முடிந்த கையோடு கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சுவாஹிலியில் ‘ன்ஜா’ என்றால் பசி. அதனால் ஜனவரியையே ‘ன்ஜானுவரி’ என்கிறார்கள். ஊரில் மாடும் கோழியும் அடிமாட்டு விலைக்குப் போவது அந்த மாதத்தில்தான். வருடத்துக்கு ஒரு லட்சம் தருகிற தொழில் ஜனவரியில் பத்தாயிரம் தரவில்லை என்றால், அந்தப் பத்தாயிரத்துக்காகத் தொழிலையே விற்க நேரும்.

இரண்டாவது, ஒரே நாளில் எவ்வளவு போகும். மாடு சாகலாம், பைக் திருட்டுப் போகலாம். தேயிலைச் செடி ஒரே இரவில் செத்துப்போகாது.

மூன்றாவது, விலையை யார் சொல்கிறார்கள். நான்காவது, நிலம் யார் பெயரில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். 2010 அரசியல் சட்டம் நில உரிமையில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிறது. கட்டிக் கொடுத்த அக்கா, தங்கை எப்போது வேண்டுமானாலும் பங்கு கேட்டு வரலாம். அது அவர்கள் உரிமை. பாகம் பிரியாத நிலத்தில் முப்பது வருடம் நிற்கிற மரத்தை நடுவதும், மூன்று மாதப் பயிரைப் போடுவதும் ஒன்றாகாது.

ஐந்தாவதாக, உழைப்பு யாருடையது? பணம் போடுகிறவர் மகன், முடிவெடுக்கிறவர் அப்பா, விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து பால் கறந்து, புல் சுமந்து, தண்ணீர் எடுத்து வருகிறவர் அம்மா. அந்த அம்மாவைக் கேட்காமல் மாடு வாங்கிய வீடுகளில் அது நிலைத்ததை நான் பார்த்ததில்லை.

| வழி | முதல் காசு | பிறகு | ஒரே நாளில் போகக்கூடியது |
|---|---|---|---|
| பைக் | மறுநாளே | தினமும் | முழு முதலும், ஓட்டுகிறவர் உடம்பும் |
| கறவை மாடு | ஈன்ற பிறகு | மாதாமாதம் | முழு முதலும் |
| அவகாடோ | மூன்றாம் வருடக் கடைசி | வருடத்தில் சில வாரங்கள் | ஒரு பருவத்துக் காய் |
| தேயிலை | மூன்றாம் வருடம் | மாதாமாதம் பணம், அக்டோபரில் போனஸ் | பெரிதாக ஒன்றுமில்லை |

## பைக்

பைக் வாங்கி வாடகைக்கு ஆள் ஏற்றி ஓட்டுவது. ஊரில் இளைஞர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். கென்யா–உகாண்டா எல்லையில் ஒரு சாவடியிலிருந்து மறு சாவடிக்குச் சைக்கிளில் ஆள் ஏற்றியவர்கள் ‘பார்டர், பார்டர்’ என்று கூவியதிலிருந்து வந்த பெயர் போடா போடா. 2008-இல் சிறிய பைக்குகளுக்கான வரியை கென்ய அரசு எடுத்தது. அதன் பிறகு பஜாஜ் பாக்ஸரும் நம் ஓசூர் டிவிஎஸ் கம்பெனியின் எச்எல்எக்ஸும் நுழையாத கிராமம் இல்லை. ஸ்டேஜ் எனப்படும் நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கே இருபது பைக் நிற்கும்.

நம் இளைஞரின் பெரியப்பா மகன் அப்படி ஒரு ஸ்டேஜில் ஓட்டுகிறார். ஒரு வாரம் வரவு செலவை நோட்டில் எழுதச் சொன்னேன். சராசரியாக ஒரு நாள் வரவு 1,050 ஷில்லிங். பெட்ரோல் 330. கடன் தவணை 420. சாப்பாடும் ஸ்டேஜ் சங்கத்துச் சந்தாவும் 100. மீதி 200. டயர், செயின், ஆயில் எல்லாம் அந்த இருநூறில்தான். ஞாயிற்றுக்கிழமை பாதி நாள்தான் ஓட்டம், ஆனால் தவணை முழுசு. மழை நாளில் செம்மண் பாதை சேறாகிவிடும். அன்றைக்கு வரவு முந்நூறைத் தாண்டவில்லை.

தவணைக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தோம். முன்பணம் 30,000, பிறகு தினம் 420 என்று பதினெட்டு மாதம். மொத்தம் 2,56,800. அதே வண்டியைக் கைக்காசு கொடுத்து வாங்கினால் 1,70,000. நாலு நாள் தவணை தவறினால் வண்டியைத் தேடி வந்து எடுத்துப் போகிறார்கள். உள்ளே ஜிபிஎஸ் இருக்கிறது. பதினாறு மாதம் கட்டிவிட்டு வண்டியைப் பறிகொடுத்தவர் அதே ஸ்டேஜில் இப்போது வாடகை வண்டி ஓட்டுகிறார்.

மறைந்திருக்கும் பெரிய செலவு விபத்து. கால் முறிந்தால் வைத்தியச் செலவு ஒரு பக்கம், மூன்று மாத வருமானம் போவது இன்னொரு பக்கம். தவணை மட்டும் நிற்காது.

அப்படியானால் பைக் யாருக்குச் சரி? நிலமே இல்லாதவருக்கு. முழுப் பணத்தையும் கொடுத்து வாங்க முடிகிறவருக்கு. ஓட்டத்தோடு வேறொரு வேலையையும் சேர்க்கிறவருக்கு: விடிகாலையில் இருபது வீட்டுப் பாலை எடுத்துக்கொண்டு சேகரிப்பு நிலையத்தில் சேர்ப்பவர் ஆள் ஏறுவாரா என்று காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று வருடத்தில் வண்டி பழசாகும் என்பதை மறக்காமல், ஓடுகிற நாளில் பாதியை எடுத்து வேறு எதிலாவது போட்டுக்கொண்டே வர வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இருபத்திரண்டு வயதில் வருவது கடினம்.

## கறவை மாடு

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான்.

முதலில் நல்லது. மத்திய கென்யாவில் பாலுக்கு வாங்குபவர் இல்லை என்ற நிலை அநேகமாகக் கிடையாது. பாலில்லாத தேநீர் இங்கே யாருக்கும் தொண்டையில் இறங்காது. கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றினால் மாதாமாதம் பணம், அந்தக் கணக்கை வைத்தே சாக்கோவில் கடன், அவசரத்துக்குத் தீவனமும் கடனாகக் கிடைக்கும். மாட்டுச் சாணம் மண்ணுக்குப் போகும். ஜனவரியிலும் பால் சுரக்கும்.

இப்போது கணக்கு. ஃப்ரீசியன் என்ற சீமை இனத்தில் நல்ல சினைக்கிடாரி ஒன்றரை லட்சத்துக்குக் குறைந்து கிடைக்காது. ஒரு நாளைக்குச் சராசரி 12 லிட்டர் என்று வைப்போம். கன்றுக்கும் வீட்டுக்கும் போக 10 லிட்டர் விற்பனை. லிட்டருக்கு 45 ஷில்லிங் என்றால் மாதம் 13,500. அடர்தீவனம் தினம் நாலு கிலோ, மாதம் 5,000. தாது உப்பு, உண்ணி மருந்து, சினை ஊசி, வைத்தியர் எல்லாம் சராசரியாக 1,500. கையில் நிற்பது 7,000. வருடத்தில் இரண்டு மாதம் பால் வற்றும். அந்த இரண்டு மாதமும் அது சாப்பிடும். மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் பால் பெருகி விலை இறங்கும். பல இடங்களில் சேகரிப்பு வண்டி காலையில் மட்டும்தான் வருகிறது. மாலைப் பாலுக்குப் பக்கத்துக் கடையோ பள்ளியோ பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பத்து லிட்டரில் நாலு லிட்டர் கணக்கில் வராது.

மாடு கைநழுவிப் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்.

ஒன்று, புல். ஒரு ஃப்ரீசியன் பசு நாளொன்றுக்கு அறுபது கிலோ பசுந்தீவனம் தின்னும். கொட்டிலில் கட்டி வளர்க்கிற மாட்டுக்கு அத்தனையும் வெட்டிச் சுமந்து வர வேண்டும். அரை ஏக்கர் நேப்பியர் புல், நன்றாகச் சாணம் போட்டால், ஒரு மாட்டுக்கு இழுபறியாகப் போதும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் அதுவும் போதாது. நம் ஊரில் கோ-4 என்று மாட்டுக்கு வெட்டிப் போடுகிறோமே, அது கம்பும் இந்த நேப்பியரும் சேர்ந்த ஒட்டுப்புல். நேப்பியருக்குப் பிறந்த மண் ஆப்பிரிக்கா. ஆனால் இங்கேயே அதற்குக் கரிப்பூட்டை நோய் வந்து தூர் தூராகச் சுருங்குகிறது. அதைத் தாங்கும் ‘காக்கமேகா 1’ ரகக் கரணையைத் தேடி வாங்கி நட வேண்டும். பரிசாக மாடு வாங்கிக் கொடுப்பவர்கள் மாட்டைத்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள், புல்லை நடுவதில்லை. மாடு வந்த மறுநாளிலிருந்து புல் விலைக்கு வாங்கினால் மாதம் மிஞ்சுகிற ஏழாயிரமும் அதிலேயே போய்விடும். என்னிடம் வருத்தப்பட்டவரின் மாடு எட்டு மாதத்தில் விற்கப்பட்டதற்குக் காரணம் இதுதான் என்று விசாரித்ததில் தெரிந்தது. ஜனவரிக் கட்டணம் ஒரு பக்கம் நெருக்கியது, காய்ந்த வரப்பு இன்னொரு பக்கம் நெருக்கியது.

இரண்டாவது காரணம் உண்ணிக் காய்ச்சல். கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் என்று சொல்கிறார்கள். பழுப்புக் காது உண்ணி பரப்புகிறது. சீமை மாடுகளை இது சீக்கிரம் கொல்லும். இளைஞரின் பக்கத்து வீட்டில் ஒரு பசுவைப் பார்த்தேன். தீவனத் தொட்டியில் போட்ட புல் அப்படியே கிடந்தது. வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்து மாட்டின் காதுக்குக் கீழே வைத்தார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு நெறி கட்டியிருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் அலம்புகிற மாதிரி சத்தம். மருந்து வாங்க நாலாயிரம் வேண்டும், திங்கட்கிழமை சங்கத்தில் பணம் கிடைக்கும் என்றார். அன்று சனிக்கிழமை. மாடு ஞாயிறு மாலை செத்தது.

இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பு உண்டு. ஒரு முறை போட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் காக்கும். மருந்து ஒரே குழாயில் பல மாடுகளுக்கான அளவாக வருவதால் நாலைந்து வீட்டார் சேர்ந்து வைத்தியரை அழைக்க வேண்டியிருக்கும். மாடு வாங்குகிற பணத்தில் 20,000 ஷில்லிங்கை ஒதுக்கித் தொடாமல் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையால்தான்.

மாடு யாருக்குச் சரி? புல் ஏற்கெனவே நிற்கிற வீட்டுக்கு, தண்ணீர் வாசலுக்கு வருகிற வீட்டுக்கு, தினமும் இரண்டு வேளை வீட்டில் இருக்கிற ஆள் உள்ள வீட்டுக்கு. மகன் தீகாவில் இருந்துகொண்டு போனில் மாடு வளர்க்க முடியாது.

## அவகாடோ

காதில் விழுகிற வெற்றிக் கதைகளில் பாதி இதைப் பற்றியது. ஆப்பிரிக்காவில் முன்னணியில் அவகாடோ ஏற்றுமதி செய்யும் நாடுகளில் கென்யா ஒன்று, அதில் முராங்காவுக்குப் பெரிய பங்கு. 2022-இல் சீனச் சந்தையும் திறந்தது. ஏழு மீட்டருக்கு ஒரு குழி என்று ஏக்கருக்கு எண்பது மரம் நிற்கும். ஒட்டுக்கன்று மலிவுதான்.

மலிவாகத் தெரிவதால் ஏமாறக் கூடாது. மூன்று வருடம் காசு கிடையாது. அதன் பிறகும் காய் வருகிற சில வாரங்களில்தான் பணம். சாலையோரம் லாரியோடு வருகிற தரகர் கிலோவுக்கு இல்லாமல் காய்க்கு இத்தனை என்று எண்ணி வாங்குகிறார். பெரிய காயும் சின்னக் காயும் ஒரே விலை. முற்றாத காயைப் பறித்து அனுப்பி நாட்டின் பெயர் கெடுவதால் வருடக் கடைசியில் கப்பல் ஏற்றுமதிக்கு அரசு தடை போடுவது வழக்கம். தடை நீங்கும் வரை பொறுக்க முடியாத ஜனவரி வீடுதான் பிஞ்சாக விற்கிறது. காய்க்கிற காலத்தில் இரவில் காவலும் இருக்க வேண்டும்.

விலை எங்கே முடிவாகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் இரண்டு வாரம் வரை கூடியது. அழுகுகிற சரக்கு என்பதால் அடுத்த பருவத்தில் அந்த அடி கிகுமோவின் தோட்டம் வரை வந்தது.

வரப்போரம் பத்து, பதினைந்து மரம் நடுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். அது ஐந்தாம் வருடத்துப் பள்ளிக் கட்டணம். முழு ஏக்கரையும் இதற்கே கொடுப்பது சம்பளம் வாங்குகிறவர் செய்ய வேண்டியது. பாகம் பிரித்து, பட்டா தன் பெயருக்கு மாறிய நிலத்தில் செய்ய வேண்டியது. ஏற்றுமதிக் குழுவில் சேர்ந்து எடை போட்டு விற்க முடிந்தால் நிலைமை நன்றாகவே மாறும்.

## தேயிலை

1964-இல் சிறு விவசாயிகளின் தேயிலைக்காக அரசு அமைப்பு ஒன்று தொடங்கியது. 2000-இல் அது கேடிடிஏ என்ற நிறுவனமானது. ஆலைகளில் பங்குதாரர்களே விவசாயிகள்தான். கொழுந்தைச் சேகரிப்பு நிலையத்தில் எடை போட்டால் மாதாமாதம் கிலோவுக்கு இருபது ஷில்லிங் சொச்சம். வருடக் கணக்கு முடிந்து அக்டோபரில் போனஸ். பறிக்க ஆள் வைத்தால் மாதப் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைய அதற்கே போகும். ஆகவே உண்மையான வருமானம் போனஸ்தான். அது அக்டோபரில் வருவதால் ஜனவரி வரை கையில் நிற்குமா என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது.

மொம்பாசா ஏலத்தில் டாலரில் விற்கிற சரக்கு இது. 2024 தொடக்கத்தில் டாலருக்கு 160 ஷில்லிங் இருந்தது. சில மாதங்களில் 130 பக்கம் வந்தது. நாட்டுக்கு நல்ல செய்தி, தேயிலைக்காரருக்கு நஷ்டம். கென்யத் தேயிலையை அதிகம் வாங்குவது பாகிஸ்தான். 2025 மார்ச்சில் சூடான் கென்யச் சரக்கு வேண்டாம் என்று நிறுத்தியபோது இன்னொரு சந்தை போனது.

தேயிலை ஏற்கெனவே நிற்கிற நிலத்தில் அதைப் பிடுங்காதீர்கள். சாகாது, திருட்டுப் போகாது, முதியவரும் வைத்துக் காக்கலாம், அதைக் காட்டிக் கடனும் வாங்கலாம். சில பகுதிகளில் ‘சோகோ ஹுரு’ என்று கைக்காசு கொடுத்துக் கொழுந்து வாங்குகிற வியாபாரிகள் உண்டு. அவசரத்துக்கு அவர்களிடம் ஊற்றுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் அக்டோபர் போனஸ் போகும் என்பதைக் கணக்கில் எடுங்கள். ஆனால் ஒன்றேகால் ஏக்கரில் புதிதாகத் தேயிலை நட்டு மூன்று வருடம் காத்திருக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## சேர்த்தால் எப்படி

கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் எம்-பேசாவின் முகவர் கடையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2007-இல் வந்தபோது முந்திக்கொண்டவர்கள் சம்பாதித்தார்கள். இப்போது சந்துக்கு ஒன்று இருக்கிறது. பணப்புழக்கத்துக்கு ஃப்ளோட் என்று பெரிய தொகையை முடக்க வேண்டும். மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு அது கூடுதல் வரவு, தனித்தொழில் இல்லை.

சோளத்தை (மக்காச்சோளம்தான்) முழுசாக விடவும் வேண்டாம். தினம் சாப்பிடுகிற உகாலி என்ற சோளக் களிக்கு மாவு விலைக்கு வாங்குகிற வீட்டில் எந்தக் கணக்கும் நிற்காது. கால் ஏக்கர் சோளத்தில் ஊடே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடி, சுற்றிலும் நேப்பியர் என்று நடுகிற ‘தள்ளு–இழு’ முறை கென்யாவிலேயே ஏரிக்கரை ம்பிட்டாவில் இருக்கும் இசிப்பே ஆய்வு நிலையத்தில் உருவானது. டெஸ்மோடியத்தின் வாடை தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியைச் சோளத்தைவிட்டுத் தள்ளும், ஓரத்துப் புல் அதை இழுத்துக்கொள்ளும். இரண்டையும் வெட்டினால் மாட்டுக்குத் தீவனம்.

இளைஞரோடும் அவர் அம்மாவோடும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்ட திட்டம் இது. ஒன்றேகால் ஏக்கரில் கால் ஏக்கரில் பழைய தேயிலை இருக்கிறது, அது இருக்கட்டும். கால் ஏக்கர் சோளமும் பீன்ஸும். அரை ஏக்கரில் அக்டோபர் மழைக்கு நேப்பியர். மீதியில் வீடு, கொட்டில். வரப்போரம் பன்னிரண்டு அவகாடோ, ஆனால் அப்பா நிலத்தைப் பாகம் பிரித்து எழுதிய பிறகுதான். மாடு ஏப்ரலில். சாக்கோ கடனை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதுவரை ஒன்பது மாதம் அவர் தீகா வேலையை விடாமல் இருக்க வேண்டும்; இது அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தண்ணீர்த் தொட்டியும் வாசல் வரை குழாயும் முதலில். ஓடையிலிருந்து ஒரு மாட்டுக்கு நாளைக்கு மூன்று, நாலு குடம் சுமக்க என் இடுப்பில் பலமில்லை என்றார். தொட்டிக்கும் குழாய்க்கும் 38,000 ஷில்லிங் ஆனது.

போன வாரம் படம் அனுப்பியிருந்தார். புல் அவர் அம்மாவின் தோள் உயரத்துக்கு நிற்கிறது. முதல் வெட்டுக்குத் தயார். பக்கத்து வீட்டுக்கார அம்மாவுக்கு இப்போது மாடு இல்லை, ஆனால் சின்னக் கிடாரிக் கன்று ஒன்று இருக்கிறது. முதல் வெட்டை அந்தக் கன்றுக்குக் கொடுக்கப் போவதாகவும், தடுப்பு மருந்து போட ஏப்ரலில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து வைத்தியரை அழைக்கப் பேசியிருப்பதாகவும் எழுதியிருந்தார். இன்னும் மூன்று வீடு சேர வேண்டுமாம்.